சூப்பர்நோவா டெயில் மாடலோட ஒத்துப்போகலையா? அறிகுறியைப் பார்த்து பிழையைப் பிடிக்கிற வழி

சூப்பர்நோவா வெடிச்சு ரெண்டு மூணு மாசத்துக்கு அப்புறம் வர்ற வெளிச்சம், அதான் டெயில், வெளியில இருந்து பார்க்க ரொம்ப சுலபமா தெரியும். லாக் ஸ்கேல்ல கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு, நிக்கல்-56 சிதைஞ்சு கோபால்ட்-56 ஆகி அது இரும்பு-56 ஆகுது, ரெண்டு எக்ஸ்பொனென்ஷியல், அவ்வளவுதான். ஆனா டேட்டாவை போட்டு ஃபிட் பண்ண உக்காந்தா மாடல் மேல போகும், இல்ல கீழ போகும், இல்ல அழகா உக்காரும் ஆனா வர்ற நிக்கல் அளவு நம்புற மாதிரி இருக்காது. உடனே மேக்னெட்டார் (பலமான காந்தப்புலம் உள்ள நியூட்ரான் நட்சத்திரம்) சேர்க்கலாமா, சுத்தி இருக்கிற வாயுவோட மோதல் சேர்க்கலாமான்னு கை போகும். தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுங்க. டெயில்ல வர்ற பெரும்பாலான கோளாறு கணக்கு வழக்குலதான் இருக்கும்: எவ்வளவு சக்தி உருவாச்சு, அதுல எவ்வளவு உள்ளேயே தங்கிச்சு, தங்கினதுல எவ்வளவு நம்ம டெலஸ்கோப் பார்க்கிற பேண்ட்ல வெளிய வந்துச்சு. இந்த மூணையும் தனித்தனியா சரிபார்த்துட்டுதான் புது இயற்பியல் பக்கமே போகணும், ஏன்னா தப்பான மூணு விஷயம் சேர்ந்து ஒரு நல்ல ஃபிட் குடுக்கிறது இந்த வேலைல சர்வ சாதாரணம்.

எதுவும் பண்றதுக்கு முன்னாடி ஒரு செக்

லீக்கேஜ் (காமா கதிர் வெளிய கசியுறது), டிஃப்யூஷன் (உள்ளே உருவான ஒளி மெதுவா வெளிய வர்றது) எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஒரு சூரிய நிறை நிக்கலுக்கு சிதைவு சக்தி வினாடிக்கு 6.45 × 10^43 எர்க்ல ஆரம்பிச்சு 8.8 நாள்ல தேயுற ஒரு உறுப்பு, கூட 1.45 × 10^43 எர்க்ல ஆரம்பிச்சு 111.3 நாள்ல தேயுற இன்னொரு உறுப்பு. இது நாதியோஷின் 1994-ல குடுத்த எண்கள். நிக்கல் 0.07 சூரிய நிறைன்னு வைங்க, இது 1987ஏ சூப்பர்நோவாவுக்கு கிட்டத்தட்ட சரியான அளவு, 200-ஆவது நாள் என்ன வருதுன்னு பாருங்க. முதல் உறுப்பு செத்தே போயிருக்கும். ரெண்டாவதுல 200-ஐ 111.3-ஆல வகுத்தா 1.80, அதோட எக்ஸ்பொனென்ஷியல் 0.166, ஆக 1.45 × 10^43-ஐ 0.166-ஆலயும் 0.07-ஆலயும் பெருக்கினா வினாடிக்கு 1.7 × 10^41 எர்க். உங்க புரோகிராம் இந்த நம்பரை குடுக்கலன்னா ஃபிட் பக்கம் போகவே வேண்டாம், இங்கயே நில்லுங்க.

அறிகுறி: லீக்கேஜே இல்லாத மாடல் 100 நாளுக்கு 1.4 மேக்னிட்யூட் இறங்குது

சரியா இருந்தா 0.98 மேக்னிட்யூட் (வானியல்ல வெளிச்சத்தை அளக்கிற லாக் அளவு) தான் வரணும். 1.4 வந்தா அரை ஆயுளை எக்ஸ்பொனென்ஷியல்ல அப்படியே போட்டிருக்கீங்க. கோபால்ட்-56 அரை ஆயுள் 77.2 நாள், சராசரி ஆயுள் 111.3 நாள், அரை ஆயுளை 0.693-ஆல வகுத்தாதான் எக்ஸ்பொனென்ஷியல்ல போடற எண் கிடைக்கும். நிக்கலுக்கும் அதே கதை, 6.08 நாள் அரை ஆயுள், 8.8 நாள் சராசரி.

இதை சின்ன விஷயம்னு ஒதுக்க முடியாததுக்கு ஒரு காரணம் இருக்கு. டைப் ஒன்-ஏ (வெள்ளைக் குள்ள நட்சத்திரம் வெடிக்கிற வகை) சூப்பர்நோவாக்கள் 200-ல இருந்து 300 நாள் வாக்குல உண்மையிலேயே 100 நாளுக்கு சுமார் 1.4 மேக்னிட்யூட்தான் இறங்கும், காமா கதிர் கசியுறதால. அதனால இந்த பிழையோட இருக்கிற ஒரு புரோகிராமோட மாடல், லீக்கேஜே இல்லாம, ஒன்-ஏ டேட்டா மேல ரொம்ப அழகா உக்காந்திடும். பார்க்கிறவங்க "ஆஹா, காமா எல்லாம் உள்ளேயே தங்குதே"ன்னு முடிவுக்கு வந்துடுவாங்க, நிக்கல் அளவும் கண்டபடி போயிடும். அதனால டெஸ்ட் பண்ணும்போது ஒன்-ஏ டேட்டாவை எடுக்காதீங்க, ஹைட்ரஜன் உறை தடிமனா இருக்கிற டைப் டூ ஒண்ணை எடுங்க, அதுல முதல் சில நூறு நாள் கசிவு ரொம்ப கம்மி, 0.98 வந்தே ஆகணும்.

அறிகுறி: சாய்வு சரி, ஆனா எல்லா நாள்லயும் ஒரே அளவு வித்தியாசம்

வித்தியாசம் 8, 9 சதவீதம் வாக்குல இருந்தா ரெண்டு ஃபார்முலாவை கலந்துட்டீங்களான்னு பாருங்க. மேல சொன்ன 1.45-க்குள்ள, நிக்கல் சிதைஞ்சு கோபால்ட் வளர்ற கணக்கு ஏற்கனவே அடங்கியிருக்கு. 111.3-ஐ (111.3 − 8.8)-ஆல வகுத்தா 1.086 வரும், அதுதான் அந்த கூடுதல். கோபால்ட்டோட சுத்தமான சிதைவு சக்தியை, அதாவது ஒரு சிதைவுக்கு 3.73 மெகா எலக்ட்ரான் வோல்ட்னு எடுத்து நீங்களே கணக்கு போட்டா 1.33 × 10^43 தான் வரும், அப்போ வளர்ச்சி காரணியை நீங்கதான் பெருக்கணும். ஒரு பேப்பர்ல இருந்து எண், இன்னொரு பேப்பர்ல இருந்து ஃபார்முலான்னு எடுத்தா ஒண்ணு ரெண்டு தடவை பெருக்கிடுவீங்க இல்ல பெருக்காமலே விட்டுடுவீங்க.

வித்தியாசம் இதைவிட பெருசுன்னா தூரம், நடுவுல இருக்கிற தூசி மறைப்பு. 0.1 மேக்னிட்யூட் தப்புக்கு நிக்கல்ல சுமார் 10 சதவீதம் போகும். இதுக்கு மாடல்ல எந்த வைத்தியமும் கிடையாது, தூரத்தோட எர்ரரை நிக்கல் எர்ரர்ல சேர்த்து எழுதுறதுதான் நேர்மை.

அறிகுறி: தூரத்தை மாத்தினா சரியாகுது, ஆனா மாத்த வேண்டிய அளவு நியாயமா இல்ல

நேரத்தோட பூஜ்யம் எங்க இருக்குன்னு பாருங்க. டெயில்ல ஒரு எக்ஸ்பொனென்ஷியல் மட்டும் இருக்கிறதால நாளை தள்ளி வைக்கிறதும் நிறையை மாத்துறதும் ஒரே விளைவைத்தான் குடுக்கும், ப்ளாட்ல பார்த்து பிரிக்க முடியாது. வெடிச்ச நாளுக்கு பதிலா கண்டுபிடிச்ச நாளை போட்டு 5 நாள் தப்பினா 4.6 சதவீதம், பீக் நாளை பூஜ்யமா வச்சுட்டா ஒன்-ஏல சுமார் 18 நாள் தள்ளிடும், நிக்கல் சுமார் 15 சதவீதம் குறைஞ்சு வரும்.

ரெட்ஷிஃப்ட்டும் (பிரபஞ்சம் விரியுறதால ஒளியும் நேரமும் நீளுறது) இங்கதான் மாட்டும். ரெட்ஷிஃப்ட் 0.1 இருக்கிற சூப்பர்நோவாவுல நாம எண்ணுற 300 நாள் அதோட சொந்த கணக்குல 273 நாள். அந்த 27 நாள் வித்தியாசம் மட்டுமே 28 சதவீதம். பக்கத்து கேலக்ஸிகளுக்குன்னு எழுதின புரோகிராமை தூரத்துல இருக்கிற பிரகாசமான சூப்பர்நோவாவுக்கு ஓட்டும்போது இதைத்தான் முதல்ல தேடணும்.

அறிகுறி: டேட்டா மாடலைவிட வேகமா கீழ போகுது

இங்கதான் உண்மையான இயற்பியல் ஆரம்பிக்குது. கோபால்ட் சிதைவுல வர்ற சக்தில பெரும்பங்கு காமா கதிர், முக்கியமா 847, 1238 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகள். வெடிச்ச பொருள் விரிய விரிய அடர்த்தி குறைஞ்சு காமா வெளிய தப்பிக்க ஆரம்பிக்கும். 2014-ல எம்82 கேலக்ஸில வெடிச்ச 2014ஜே சூப்பர்நோவாவுல இந்த ரெண்டு கோடையும் இன்டெக்ரல் சாட்டிலைட் நேரடியா பிடிச்சுது, ஆக இது பேப்பர் கணக்கு மட்டும் இல்ல.

எளிய மாடல்ல உள்ளே தங்குற பங்கு, ஒண்ணுல இருந்து எக்ஸ்பொனென்ஷியல் மைனஸ் (டி-நாட்/நாள்)-ஸ்கொயரை கழிச்சா வர்றது. அந்த டி-நாட்-ங்கிறது காமாவுக்கு பொருள் கண்ணாடி மாதிரி ஆகுற காலம். சீரான கோளம்னு எடுத்துக்கிட்டா ஒரு சூரிய நிறை, 10^51 எர்க் இயக்க சக்திக்கு சுமார் 32 நாள் வரும், நிறை ஏறினா நேர் விகிதத்துல ஏறும், சக்தி ஏறினா ஸ்கொயர் ரூட்ல இறங்கும். 1.4 சூரிய நிறை, 1.2 × 10^51 எர்க் போட்டா 41 நாள், ஒன்-ஏ டேட்டால இருந்து வர்ற 35–40-க்கு பக்கத்துலயே இருக்கு.

உங்க புரோகிராம் குடுக்கிற டி-நாட் இதைவிட ரெண்டு மடங்கு வந்தா, ஒப்பாசிட்டியை, அதாவது பொருள் கதிரை எவ்வளவு தடுக்குதுங்கிற எண்ணை, பாருங்க. காமாவுக்கு கிராமுக்கு சுமார் 0.027 சதுர செ.மீ., சாதாரண ஒளிக்கு போடற 0.1 இல்ல. 0.1-ஐ அப்படியே ரெண்டு இடத்துலயும் போட்டா டி-நாட் சரியா 1.9 மடங்கு பெருசாகும். பல ஆயிரம் மடங்கு தப்பா வந்தா அது வினாடி–நாள் குழப்பம், 86400-ஆல வகுக்க மறந்தது, பத்து நிமிஷத்துல பிடிச்சிடலாம்.

டி-நாட்டையும் நிக்கலையும் சேர்த்து ஃபிட் பண்ணா கார்னர் ப்ளாட்ல (ஃபிட் அளவுகளை ஜோடி ஜோடியா காட்டுற படம்) ரெண்டும் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு ஒட்டிக்கிட்டு வரும். காரணம் புரிஞ்சுக்கிட்டா போதும்: காமா பெரும்பாலும் கசிஞ்ச பிறகு உள்ளே தங்குறது நிக்கல் பெருக்கல் டி-நாட் ஸ்கொயர்-ங்கிற ஒரே சேர்க்கைதான், தனித்தனியா பிரிக்க டேட்டாவுல தகவலே இல்ல. எம்சிஎம்சி (ரேண்டமா சாம்பிள் எடுத்து ஃபிட் பண்ற முறை) ஸ்டெப்பை கூட்டினா சரியாகாது. முன்காலத்து டேட்டா வேணும். அதுக்கு காட்ஸ், குஷ்னிர், டாங் மூணு பேரும் 2013-ல சொன்ன வழி எனக்கு ரொம்ப பிடிச்சது: வெளிச்சத்தை நாளால பெருக்கி வெடிச்ச கணத்துல இருந்து கூட்டினா, அது உள்ளே தங்கின சக்தியை நாளால பெருக்கி கூட்டினதுக்கு சமமா இருக்கணும். டிஃப்யூஷன் எப்படி நடந்துச்சு, ஒப்பாசிட்டி என்னன்னு எதுவுமே கேக்காத ஒரு சமன்பாடு, விரிவுல இழக்கிற சக்தியையும் அந்த நாள் பெருக்கலே கணக்குல எடுத்துக்குது. பீக் டேட்டா இருக்கிற யாரும் இதை போடாம விடக்கூடாதுன்னு நினைக்கிறேன். வெடிப்போட அதிர்ச்சி வெப்பம் அதிகமா இருக்கிற டைப் டூ-ல மட்டும் கூடுதலா ஒரு உறுப்பு வரும், அதை விட்டுடாதீங்க.

அறிகுறி: 200 நாள் வரை சரி, அப்புறம் ஒன்-ஏ மாடல் டேட்டாவுக்கு கீழ போய்க்கிட்டே இருக்கு

பாசிட்ரானை (எலக்ட்ரானோட எதிர்த்துகள்) மறந்திருக்கீங்க, இல்ல அதையும் காமாவோட சேர்த்து கசிய விட்டிருக்கீங்க. கோபால்ட்-56 நூத்துக்கு 19 தடவை பாசிட்ரான் விட்டு சிதையும், மிச்சம் எலக்ட்ரானை உள்ளே இழுத்து சிதையும். அந்த பாசிட்ரானோட இயக்க சக்தி மொத்தத்துல 3 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான், ஆனா அது கிட்டத்தட்ட பிறந்த இடத்துலயே நின்னுடும். அதனால தங்குற பங்கு ஃபார்முலாவை மொத்த சக்தி மேல பெருக்கக்கூடாது, காமா பங்கு மேல மட்டும் பெருக்கி பாசிட்ரானை வெளிய தனியா கூட்டணும். எப்போ பாசிட்ரான் காமாவை முந்தும்னு கணக்கு போட்டா டி-நாட்டோட ஐந்தரை மடங்கு, 38 நாள்னா சுமார் 210-ஆவது நாள். உங்க மாடல் கரெக்டா அந்த இடத்துல பிரிய ஆரம்பிக்குதுன்னா சந்தேகமே வேண்டாம்.

பாசிட்ரானும் தப்பிக்குமான்னு கேட்டா, அது காந்தப்புலம் எப்படி இருக்குங்கிறதை பொறுத்தது. ஆனா எம்101 கேலக்ஸில வெடிச்ச 2011எஃப்இ மாதிரி ரொம்ப நாள் தொடர்ந்து பார்த்தவைகள்ல பாசிட்ரான் உள்ளேயே தங்குறதா வச்சா டேட்டா ஒத்துப்போகுது. அதனால முதல்ல முழுசா தங்குதுன்னு வச்சு ஓட்டுங்க.

அறிகுறி: பீக் சொல்ற நிக்கலும் டெயில் சொல்ற நிக்கலும் வேற வேற

பீக் வெளிச்சம் அந்த கணத்துல உள்ளே விழுற சக்திக்கு சமம்ங்கிறது ஆர்னெட் விதி. ஒன்-ஏக்கு ஓரளவு நல்லாவே வேலை செய்யும். உறை உரிஞ்ச டைப் ஒன்-பி, ஒன்-சி-ல பீக்ல இருந்து எடுக்கிற நிக்கல் டெயில்ல இருந்து எடுக்கிறதைவிட வழக்கமா கூடுதலா வரும். ரெண்டையும் சராசரி எடுக்காதீங்க, டெயிலை நம்புங்க, ஏன்னா அங்க டிஃப்யூஷன் இல்ல. டெயிலை ஒரே கோளத்தால ஃபிட் பண்ண முடியலன்னா உள்ளே அடர்த்தியான ஒரு மையம், வெளிய மெல்லிசா ஒரு ஓடுன்னு ரெண்டு பகுதியா பிரிச்சு போடலாம், நிக்கல் எவ்வளவு மேல கலந்திருக்குங்கிறதும் இதுல முக்கியம். 1987ஏ-லயே எக்ஸ்ரேயும் காமா கோடும் எதிர்பார்த்ததைவிட சீக்கிரமா 1987 ஆகஸ்ட் வாக்குலயே தெரிஞ்சதுக்கு நிக்கல் வெளிப்பக்கம் வரை கலந்திருந்ததுதான் காரணம்.

அறிகுறி: பொலோமெட்ரிக் (எல்லா அலைநீளமும் சேர்த்த மொத்த வெளிச்சம்) திடீர்னு விழுது, இல்ல பிளாக்பாடி ரேடியஸ் அர்த்தமில்லாம சுருங்குது

நெபுலர் கட்டத்துல, அதாவது பொருள் மெல்லிசாகி உள்ளே வரை தெரியுற கட்டத்துல, பிளாக்பாடி (ஒரே வெப்பநிலைல ஒளிர்ற உருண்டை) ஃபிட் பண்ணாதீங்க. அங்க போட்டோஸ்பியரே (ஒளி கிளம்புற பரப்பே) கிடையாது, வெளிச்சம் எல்லாம் தனித்தனி எமிஷன் கோடா வருது, வர்ற வெப்பநிலைக்கு எந்த அர்த்தமும் இல்ல. இருக்கிற பேண்ட் ஃப்ளக்ஸை நேரா கூட்டுங்க, இல்லாத பேண்டுக்கு அதே வகை சூப்பர்நோவாவோட அதே வயசு ஸ்பெக்ட்ரத்துல இருந்து விகிதம் எடுங்க.

ஆப்டிகல் மட்டும் விழுதுன்னா ரெண்டு வாய்ப்பு. ஒண்ணு, பொருள் குளிர்ந்து சக்தி மிட்-இன்ஃப்ராரெட் கோடுகளுக்கு ஓடிப்போறது, ஆக்செல்ராட் 1980-லயே கணிச்ச இன்ஃப்ராரெட் கேடாஸ்ட்ரஃபி. இன்னொண்ணு தூசி உருவாகுறது. தூசின்னா ஸ்பெக்ட்ரத்துல கோடோட சிவப்பு பக்கம், அதாவது நம்மகிட்ட இருந்து விலகிப்போற பின்பக்கம், மறைஞ்சு கோடோட உச்சி நீலப்பக்கம் நகரும். 1987ஏ-ல 500 நாளை ஒட்டி இதுதான் தெரிஞ்சுது. போட்டோமெட்ரி மட்டும் வச்சுக்கிட்டு இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது, ஒரு நல்ல ஸ்பெக்ட்ரம் இருந்தா ஒரு பார்வைல தெரிஞ்சிடும்.

அறிகுறி: ரொம்ப நாள் கழிச்சு டேட்டா தட்டையாகுது

எல்லாருக்கும் பிடிச்ச அறிகுறி இது, அதனாலயே எல்லாரும் அவசரப்படுற இடமும் இதுதான். புது ஐசோடோப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி கேலக்ஸி வெளிச்சத்தை சரியா கழிச்சீங்களான்னு பாருங்க, பின்னணில ஒரு மங்கல் நட்சத்திரம் இருந்தாலும் கர்வ் அதே மாதிரிதான் தட்டையாகும். அடுத்து லைட் எக்கோ: பீக் நேரத்து வெளிச்சம் பக்கத்து தூசில பட்டு தாமதமா வர்றது. ஸ்பெக்ட்ரம் எடுத்தா நெபுலர் கோடுகளுக்கு பதிலா பீக் நேரத்து ஸ்பெக்ட்ரம் மாதிரியே இருக்கும், நீலமாவும் இருக்கும். 1991டி-லயும் 1998பியூ-லயும் இதுதான் நடந்துச்சு. அடுத்து சுற்றுப்புற வாயுவோட மோதல், 1993ஜே-ல வந்த மாதிரி அகலமா பெட்டி வடிவத்துல ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு, கூடவே ரேடியோ, எக்ஸ்ரே. இதெல்லாம் இல்லன்னு ஆன பிறகு கோபால்ட்-57.

கோபால்ட்-57 அரை ஆயுள் 272 நாள், சராசரி 392, சாய்வு 100 நாளுக்கு 0.28 மேக்னிட்யூட். இது பெரும்பாலும் மெல்லிய காமாவும் கொஞ்சம் எலக்ட்ரானும் விடும், காமா தப்பிச்சிட்டா மிஞ்சுறது ஒரு சிதைவுக்கு சில பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கம்மியான எலக்ட்ரான் சக்திதான். ஒன்-ஏ-ல 1000 நாள் வாக்குலதான் இது தலையெடுக்கும்.

இங்க 1987ஏ கதையை தெரிஞ்சுக்காம யாரும் ஃபிட் பண்ணக்கூடாது. அதோட 1000 நாளுக்கு அப்புறமான வெளிச்சத்தை அன்னன்னைக்கு விழுற சக்திக்கு சமம்னு வச்சு ஃபிட் பண்ணப்போ 57-க்கும் 56-க்கும் உள்ள விகிதம் சூரியனோடதைவிட சுமார் ஐந்து மடங்கு வந்துச்சு. எந்த வெடிப்பு மாடலும் அவ்வளவு குடுக்கல. அப்புறம் காம்ப்டன் சாட்டிலைட்ல இருந்த ஓஸ் கருவி கோபால்ட்-57-ஓட காமாவையே நேரா அளந்துச்சு, வந்தது ஒன்றரை மடங்கு. தப்பு ஐசோடோப்புல இல்ல, அந்த "சமம்"-ங்கிற இடத்துல. அடர்த்தி ரொம்ப குறைஞ்சதும் அயனி ஆன அணு திரும்ப எலக்ட்ரானை பிடிக்க எடுத்துக்கிற நேரம் கோபால்ட் சிதையுற நேரத்தைவிட நீளமாயிடுது, முன்னாடி சேர்த்து வச்ச சக்தி பின்னாடி சொட்டு சொட்டா வெளிய வருது. ஃப்ரான்சனும் கோஸ்மாவும் 1993-ல இதை ஃப்ரீஸ்-அவுட்னு காட்டினாங்க. அதனால 800, 900 நாளைத் தாண்டின டேட்டாவை உடனடி சமநிலை மாடல்ல போட்டு ஐசோடோப் விகிதம் எடுத்தா அது எப்பவும் மேல்வரம்புன்னே வச்சுக்கங்க. ஒரு மாடல்ல ஃப்ரீஸ்-அவுட் இல்ல, ஆனா 57 விகிதம் இவ்வளவுன்னு எர்ரர் பாரோட எழுதியிருந்தா, அந்த எர்ரர் பார் சின்னதா இருக்கிறதே எச்சரிக்கைதான்.

அதுக்கும் அப்புறம் டைட்டானியம்-44. அரை ஆயுள் 59 வருஷத்தை ஒட்டி, சாய்வுன்னு சொல்ற அளவுக்கே எதுவும் இல்ல, 100 நாளுக்கு 0.004 மேக்னிட்யூட்கூட தேறாது. 1987ஏ-ல 2000 நாளுக்கு அப்புறம் இதோட பாசிட்ரான்தான் வண்டியை ஓட்டுச்சு, அளவு ஒரு சூரிய நிறைல பத்தாயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்கு. ஆனா டேட்டா நிறைய இருக்கேன்னு அதை முடிவே இல்லாம நீட்டி ஃபிட் பண்ணாதீங்க. 5000 நாள் வாக்குல, அதாவது 2001-ஐ ஒட்டி, உள்ளே இருக்கிற பொருள் தேயுறதுக்கு பதிலா திரும்ப பிரகாசமாக ஆரம்பிச்சுது, சுத்தி இருக்கிற வளையத்துல அதிர்ச்சி அலை மோதி வர்ற எக்ஸ்ரே அதை சூடாக்குறதால. டைட்டானியம் அளவு எடுக்கணும்னா அதுக்கு முன்னாடியே டேட்டாவை வெட்டிடுங்க.